பரங்கிப்பேட்டை பழைய வீடு: மார்க்கம் கட்டியதா, கொத்தனார் கட்டியதா?

வெள்ளாற்றங்கரை

அனைவருக்கும் ஸலாம், வணக்கம். பரங்கிப்பேட்டையில் உம்மம்மா வழியில் வந்த எங்கள் வீடு பாகப்பிரிவினைக்கு வந்திருக்கிறது. தெருவைப் பார்த்து இரண்டு திண்ணை, உள்ளே நடை, அதைத் தாண்டினால் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், ஒரு பக்கம் வரிசையாக அறைகள், கடைசியில் அடுப்பங்கரை, கொல்லை, கிணறு. இரண்டு பக்கச் சுவரும் அக்கம்பக்கத்து வீடுகளோடு ஒட்டியவை. கூடத்துக்கு மேல் மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டை மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட தட்டைக் கூரை), மற்ற இடமெல்லாம் நாட்டு ஓடு.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட ஒருவர் பிளான் போட்டுக் கொடுத்திருக்கிறார். முன்னால் கார் நிறுத்த இடம், ஹால், அட்டாச்டு பாத்ரூமோடு இரண்டு பெட்ரூம், பக்கவாட்டில் மூன்றடி சந்து விட்டு ஜன்னல்கள். முற்றம் கிடையாது. குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு வாரமாகச் சண்டை. ஒரு மச்சான், "இது இஸ்லாமியக் கட்டடக்கலை, இடிக்கக் கூடாது" என்கிறார். இன்னொருவர், "செட்டியார் வீட்டிலும் ஐயர் வீட்டிலும் இதே முற்றம்தான் இருக்கிறது, இதில் இஸ்லாம் எங்கே வந்தது?" என்கிறார்.

இரண்டு பேர் சொல்வதும் பாதிதான் சரி என்று எனக்குப் படுகிறது. மார்க்கம், அதாவது இஸ்லாம், யாருக்கும் பிளான் போட்டுக் கொடுக்கவில்லை. பார்வை, தண்ணீர், திசை, விருந்தாளி என்று சில விஷயங்களில் நிபந்தனை மட்டும் போட்டது. இந்த ஊர்க் கொத்தனாரும் ஆசாரியும் தங்களுக்குக் கைவந்த வீட்டுக்குள்ளேயே அந்த நிபந்தனைகளுக்கு இடம் பண்ணினார்கள். எந்தெந்த இடத்தில் பண்ணினார்கள் என்று இடிப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ள ஆசை. விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

சிதம்பரத்தான்

உங்கள் இரண்டாவது மச்சானுக்கு என் ஓட்டு. நான் அக்ரஹாரத்து வீட்டில் வளர்ந்தவன். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், கொல்லை எல்லாம் எங்கள் வீட்டிலும் உண்டு. வெளியாள் திண்ணையோடு சரி, அதற்கு மேல் வர மாட்டான். பெண்கள் இருக்கிற பக்கம் ஆண்கள் சாதாரணமாகப் போவதில்லை. இதற்கும் குர்ஆனுக்கும் என்ன சம்பந்தம்?

இன்னும் பின்னால் போங்கள். மொகஞ்சதாரோவில் தெருப்பக்கச் சுவரில் தரைமட்டத்தில் ஜன்னலே கிடையாது. வாசலில் நின்று பார்த்தால் முற்றம் நேராகத் தெரியாது. இது பள்ளிக்கூடப் பாடத்திலேயே இருக்கிறது. மெசபடோமியாவில் 'ஊர்' (Ur) என்ற பெயருள்ள நகரத்து வீடுகளும் முற்றத்தைச் சுற்றிக் கட்டியவைதான். வெயில் காயும் ஊரில் வீடு உள்நோக்கித் திரும்புவது இயற்கை. பின்னால் வந்த மதம் அதற்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

அலிஃப் லாம்

சிதம்பரத்தான் சார், முற்றத்தை இஸ்லாம் கண்டுபிடித்தது என்று எந்த ஆலிமும் (மார்க்க அறிஞரும்) சொல்ல மாட்டார். மதீனாவில் நபி (ஸல்) அவர்களின் துணைவியர் இருந்த வீடுகள் பள்ளிவாசலை ஒட்டிய சின்னச் சின்ன அறைகள். மண்கல்லும் பேரீச்ச மட்டையும்தான். சிறுவனாக இருந்தபோது அந்த அறைகளுக்குள் போனதாகவும், கூரையைக் கையால் தொட முடிந்ததாகவும் ஹஸன் பஸ்ரீ அவர்கள் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. அங்கிருந்து கட்டடக்கலை என்று எதையும் எடுத்துக்கொள்ள முடியாது.

எடுத்துக்கொள்ள வேண்டியது சட்டத்தை. குர்ஆனில் சூரா அந்நூர் என்ற அத்தியாயம், 27ஆம் வசனம்: உங்கள் வீடல்லாத வீட்டில் அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லாமல் நுழையாதீர்கள். 28ஆம் வசனம்: திரும்பிப் போங்கள் என்று சொன்னால் திரும்பிப் போய்விடுங்கள். 58ஆம் வசனம் வீட்டுக்குள்ளேயே மூன்று நேரங்களைக் குறிக்கிறது. ஃபஜ்ர் என்ற விடியல் தொழுகைக்கு முன், உடை களையும் நண்பகல், இஷா என்ற இரவுத் தொழுகைக்குப் பின். அந்த நேரங்களில் பருவமடையாத சொந்தப் பிள்ளைகள்கூட அனுமதி கேட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

ஹதீஸில் (நபிமொழியில்) ஒரு சம்பவம் வருகிறது. ஒருவர் நபியவர்களின் வீட்டுக் கதவிலிருந்த துவாரம் வழியாக எட்டிப் பார்க்கிறார். நபியவர்கள் கையில் அப்போது தலை கோதும் ஒரு சீப்பு. "நீ பார்க்கிறாய் என்று தெரிந்திருந்தால் இதாலேயே உன் கண்ணில் குத்தியிருப்பேன். அனுமதி கேட்கச் சொன்னதே பார்வைக்காகத்தான்" என்றார்கள். புகாரி தொகுப்பில் இருக்கிறது. அபூதாவூத் தொகுப்பில் இன்னொன்று: யார் வீட்டுக்குப் போனாலும் நபியவர்கள் வாசலுக்கு நேராக நிற்க மாட்டார்கள், வலப்பக்கமோ இடப்பக்கமோ ஒதுங்கி நிற்பார்கள். அந்தக் காலத்தில் வாசல்களுக்குத் திரை கிடையாது என்று அறிவிப்பாளரே காரணமும் சொல்கிறார்.

ஆக, காலடி உள்ளே வைப்பதற்கு முன்னாலேயே கண் உள்ளே போய்விடுகிறது. சட்டம் முதலில் கண்ணைத்தான் பிடிக்கிறது. இதை எப்படிக் கட்டினீர்கள் என்பது அந்தந்த ஊரின் பாடு.

ரசமட்டம்

நான் சிவில். கடலூர், புதுச்சேரி இரண்டு பக்கமும் பழைய வீடுகளில் ரிப்பேர் வேலை எடுப்பவன். அலிஃப் லாம் ஹஜ்ரத் கடைசியாகச் சொன்ன வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

தமிழ்நாட்டு வீட்டுக்கு ஒரு பழக்கம் உண்டு. தலைவாசல், நடை வாசல், கூடத்து வாசல், கொல்லை வாசல் எல்லாம் ஒரே கோட்டில் நூல் பிடித்த மாதிரி வரும். மனையடி பார்ப்பவர்கள் அதை விரும்புவார்கள், காற்றும் நன்றாக ஓடும். தெருவில் நின்றால் கொல்லைக் கிணறு வரை தெரியும். நீங்கள் சொல்லும் சட்டத்துக்கு இது நேர் எதிர். இப்போது ஆசாரி என்ன செய்வார்? அவருக்குக் கைவந்தது நேர்க்கோட்டு வீடு. கட்டச் சொல்கிற மரைக்காயருக்கோ உள்ளே தெரியக் கூடாது.

நான் வேலை பார்த்த வீடுகளில் இதற்கு விதவிதமான தீர்வைப் பார்த்திருக்கிறேன். நடையின் உள்வாசலை மட்டும் ஒரு நிலை அகலத்துக்குப் பக்கவாட்டில் தள்ளியிருப்பார்கள். சில வீடுகளில் நேர்க்கோட்டைக் கலைக்காமல் நடை முடிகிற இடத்தில் ஆளுயர மரத்தடுப்பு நிற்கும். அடியில் அரை அடி இடைவெளி இருக்கும், காற்று அதன் வழியாகப் போகும். வசதி குறைந்த வீடுகளில் திரைச்சீலை. நிலையின் இரண்டு பக்கமும் திரைக்கம்பி மாட்டிய கொக்கியின் துரு இன்னும் இருக்கும், சுண்ணாம்பைச் சுரண்டினால் கண்ணில் படும். கெய்ரோவிலும் ஃபெஸ்ஸிலும் வாசலிலிருந்து வழியை இரண்டு முறை வளைத்துக் கொண்டுபோவார்கள். நம் மனை பதினைந்து இருபதடி அகலம்தான், வளைக்க இடம் ஏது? அதனால் இங்கே வளைவு ஒரு தடுப்புப் பலகையாகச் சுருங்கிவிட்டது.

வெள்ளாற்றங்கரை, உங்கள் நடையின் உள்வாசல் தலைவாசலுக்கு நேராக இருக்கிறதா, தள்ளி இருக்கிறதா? பார்த்துச் சொல்லுங்கள்.

வெள்ளாற்றங்கரை

தள்ளித்தான் இருக்கிறது. இதுநாள் வரை ஆசாரிக்குக் கை கோணி என்றுதான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

முல்லா வீதி

புதுச்சேரியிலிருந்து. எங்கள் பக்கம் முல்லா வீதி, காஜியார் வீதி, குத்பா பள்ளி சுற்றுவட்டாரம். நகரத்தின் தமிழ்ப்பகுதியில் தெற்கே இருக்கிறது. இங்கே பழைய வீடு என்று யார் எதைச் சொன்னாலும் ஒரு வரம்பு உண்டு. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை அடித்து நொறுக்கினார்கள், 1765இல் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்ப வந்த பிறகு மறுபடி எழுந்த ஊர் இது. அதனால் கீழ்தளம் தமிழ் வீடு, மாடி பிரெஞ்சு வீடு என்கிற கலப்பு எங்கள் தெருவிலும் உண்டு. கீழே திண்ணையும் மரத்தூணும் சாய்ந்த தாழ்வாரமும், மேலே வளைவு வைத்த உயரமான ஜன்னல்களும் அரைத்தூண்களும்.

அந்த ஜன்னல்களுக்குச் சின்னச் சின்னப் பலகைகளைச் சாய்வாக அடுக்கிய கதவு போட்டிருப்பார்கள். பிரெஞ்சுக்காரர் அதை வெயிலுக்கும் சாரலுக்கும் போட்டார்கள். எங்கள் தெருவில் அது கோஷாவுக்கு (பெண்கள் வெளியார் கண்ணில் படாமல் இருப்பதற்கு) ஆயிற்று. உள்ளே நிற்கும் பெண்ணுக்குத் தெரு முழுக்கத் தெரியும், தெருவில் போகிறவனுக்கு ஒன்றும் தெரியாது. ஜித்தா பழைய நகரத்தில் (2014இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது) வீட்டு முகப்பு முழுக்க மரப்பின்னல் மாடங்கள் தொங்கும். அதே வேலையைத்தான் இங்கே ஐரோப்பியக் கதவு செய்தது. இதற்கு என்ன பெயர் வைப்பது, இஸ்லாமியக் கலையா பிரெஞ்சுக் கலையா?

ரசமட்டம்

பெயர் எதுவாகவும் இருக்கட்டும். அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன், புது வீடு கட்டுகிறவர்களுக்குப் பயன்படும். வெளிச்சம் அதிகம் இருக்கும் பக்கத்திலிருந்து குறைவான பக்கத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பகலில் தெரு வெளிச்சம், அறை இருட்டு, அதனால் பின்னல் போதும். மஃரிபுக்குப் (அந்தி நேரத் தொழுகைக்குப்) பிறகு அறையில் விளக்கு ஏற்றியதும் கதை தலைகீழ். அதனால்தான் பழைய வீடுகளில் விளக்கு வைத்ததும் பலகைகளைச் சாத்துவதோ துணித்திரையை இழுத்துவிடுவதோ ஒரு வேலையாகவே இருந்தது. இப்போது கண்ணாடி ஜன்னலில் ஒருபக்கம் தெரியாத ஃபிலிம் ஒட்டிவிட்டு, ராத்திரி டியூப் லைட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தெருவே வேடிக்கை பார்க்கிறது.

கொல்லைவாசல்

இவ்வளவு நேரமாக எல்லோரும் தெருவில் நின்று வீட்டைப் பார்த்தபடியே எழுதுகிறீர்கள். உள்ளே இருந்தவள் கொஞ்சம் சொல்கிறேன். சொந்த ஊர் காரைக்கால், வாக்கப்பட்டது கடலூர் முதுநகர்.

அந்த வீடுகளில் அழகான இடமெல்லாம் முன்னால்தான். திண்ணைக்குப் பளபளவென்று காரை, தூணுக்கு பர்மா தேக்கு. அடுப்பங்கரைக்குப் போங்கள். கைநுழையாத ஒரு புகைப்போக்கி, பகல் பன்னிரண்டு மணிக்கும் விளக்கு. சுவரெல்லாம் கரி. மார்க்கம் பார்வையைத் தடுக்கச் சொன்னது சரி, காற்றையும் வெளிச்சத்தையும் தடுக்கச் சொன்னதா ஹஜ்ரத்? பெண்களுக்காகப் பார்த்துக் கட்டிய வீடு என்கிறீர்கள். கட்டும்போது பெண்களைக் கேட்டார்களா என்றால் எனக்குச் சந்தேகம்தான்.

ஆனால் ஒன்றையும் மறைக்கக் கூடாது. முன்வாசல் எவ்வளவு இறுக்கமோ கொல்லைப்பக்கம் அவ்வளவு தாராளம். கொல்லைச் சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு சின்னக் கதவு, அதைத் திறந்தால் லாத்தா வீடு, அதற்கடுத்து மாமி வீடு. தெருவில் கால் வைக்காமலே ஒரு வரிசை வீடு முழுக்கப் போய்வரலாம். குழம்பு போகும், பிள்ளை போகும், நகை இரவல் போகும், செய்தி எல்லாவற்றுக்கும் முன்னால் போகும். காயல்பட்டினத்தில் இது இன்னும் பெரிய ஏற்பாடு, பெண்கள் நடப்பதற்கென்றே தெருக்களுக்கு இடையில் முடுக்குகள் விட்டிருக்கிறார்கள். கட்டடக்கலை பேசுகிறவர்கள் முற்றத்தைப் படம் எடுப்பார்கள், இந்தக் கதவை ஒருவரும் எடுக்க மாட்டார்கள்.

அலிஃப் லாம்

தடுக்கச் சொல்லவில்லை, சகோதரி. புகையில் பெண்ணை நிறுத்திவைத்தது ஊர் வழக்கம், அதை மார்க்கத்தின் கணக்கில் எழுத வேண்டாம். தீங்கு செய்யவும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்யவும் கூடாது என்ற ஹதீஸ் இருக்கிறது. வீடு கட்டுவதற்கு வடஆப்பிரிக்க நகரங்களில் அதைத்தான் அடிப்படை விதியாக வைத்தார்கள். 14ஆம் நூற்றாண்டில் துனிஸில் இப்னு அர்ராமி என்று ஒரு தலைமைக் கொத்தனார், காஜிக்கு (நீதிபதிக்கு) கட்டட வழக்குகளில் ஆலோசகராக இருந்தவர், இந்தத் தீர்ப்புகளைத் தொகுத்தே வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்குள் பார்க்கும் ஜன்னல், புகை, தண்ணீர் வடிகிற கால்வாய் எல்லாம் அதில் வழக்குதான்.

கொல்லைவாசல்

பக்கத்து வீட்டுக்குப் போகும் புகைக்கு வழக்கு உண்டு, சொந்த வீட்டு அடுப்பங்கரைப் புகைக்குக் கிடையாது. நான் சொன்னது அதைத்தான்.

கூரைவீடு

தேக்குத் தூணும் மெட்ராஸ் டெரஸும் பேசுகிறீர்கள். எங்கள் வாப்பா தோணியில் வேலை பார்த்தவர். ஒரே அறை, கீற்றுக்கூரை, முன்னால் மண் திண்ணை. அதே ஊர், அதே பள்ளிவாசல், அதே மார்க்கம். அப்படியானால் எங்கள் வீடு இஸ்லாமிய வீடு இல்லையா? இந்தப் பேச்சில் பாதி பணக்காரர் வீட்டுப் பெருமை. பர்மா, மலாயா, பினாங்குக் காசு வந்ததால் பெரிய வீடு கட்டினார்கள்.

எங்கள் வீட்டில் தென்னங்கீற்றுத் தட்டி ஒன்றுதான் தடுப்பு. வாப்பா யாரையாவது கூட்டிக்கொண்டு வந்தால் தெருமுனையிலேயே தொண்டையைச் செருமுவார். உம்மா தட்டிக்குப் பின்னால் போய்விடுவார்கள். அனுமதி கேட்கிறது என்றால் எங்களுக்கு அதுதான். ஹஜ்ரத் சொன்ன மூன்று நேரத்துக்கு ஒரே அறையில் எங்கே போவது? பெரிய பையன்கள் ராத்திரிப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பள்ளிவாசல் பக்கமோ கடற்கரைக்கோ போய்விடுவோம். பெரிய வீட்டில் சுவர் செய்ததை எங்கள் வீட்டில் ஆட்களே செய்தோம்.

வெள்ளாற்றங்கரை

கூரைவீடு நானா, நீங்கள் எழுதியதுதான் இதுவரை வந்ததில் எனக்கு மிகவும் பயன்பட்டது. நான் சொல்ல வந்ததும் இதுதான்: நிபந்தனை ஒன்று, அதை நிறைவேற்றக் கையில் இருந்த பொருள் வேறு. மலாய் கம்பத்து (கிராமத்து) வீட்டைப் பாருங்கள். நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகப் போய்வந்த இடம். அங்கே முற்றமே கிடையாது. கட்டைக்கால் மேல் நிற்கும் மரவீடு. முன்னால் செரம்பி என்ற தாழ்வாரத்தில் ஆண் விருந்தாளி, நடுவில் ருமா இபு என்ற உள்வீடு, பின்னால் டாப்பூர் என்ற அடுப்பங்கரையும் பெண்களும். எட்டுத்திசையும் காற்றுக்குத் திறந்த வீடு, ஆனால் ஆளை நிறுத்துகிற வரிசை அப்படியே நம் வீடு. முற்றத்தைத்தான் இஸ்லாம் என்றால் மலாய்க்காரர் பாடு என்ன?

எங்கள் வீட்டுக்கே உரிய ஒன்றைச் சொல்கிறேன், சிதம்பரத்தான் சார் இதற்கு அக்ரஹாரத்தில் ஜோடி காட்டுங்கள். எங்கள் குடும்பத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணமானால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். காயல்பட்டினம், கீழக்கரையிலும் இந்த வழக்கம் பிரசித்தம். உம்மம்மாவுக்கு மூன்று பெண்கள், ஆக ஒரே வீட்டில் மூன்று மாப்பிள்ளைகள். மார்க்கப்படி மனைவியின் சகோதரி மஹ்ரம் (திரையில்லாமல் பழகக்கூடிய நெருங்கிய உறவு) இல்லை. அவர் மச்சான் முன்னால் முகம் காட்டிச் சகஜமாக நடமாட முடியாது. ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு இதை எப்படிச் சமாளிப்பது?

அறைகள் இருக்கும் வரிசையைப் பார்த்தால் விடை இருக்கிறது. ஒவ்வொரு பெண்ணின் அறைக்கும் இரண்டு கதவு. ஒன்று தாழ்வாரத்தில் திறக்கும், அது பெண்கள் புழங்குவதற்கு. மற்றொன்று சுவரோரம் போகும் குறுகிய நடையில் திறக்கும், அந்த நடை நேரே திண்ணைக்குப் போய்விடும். மாப்பிள்ளை கடையிலிருந்து வந்தால் முற்றத்தை மிதிக்காமலே தன் அறைக்குப் போகலாம். பகல் முழுக்க முற்றமும் தாழ்வாரமும் பெண்கள் ராஜ்யம். நடையில் கதவு தட்டினால் மூன்று சகோதரிகளில் யாருக்கு என்று தெரியவேண்டுமே, அதற்காக ஒவ்வொரு கதவிலும் வளையம் வேறு வேறு கனத்தில் இருக்கும் என்று உம்மா சொல்வார்கள். ஈரானில் யஸ்த் பக்கம் ஆண் வந்தால் தட்ட ஒரு கட்டை, பெண் வந்தால் தட்ட ஒரு வளையம் என்று கதவில் இரண்டு வைப்பார்களாம். இங்கே அது மாப்பிள்ளைக் கணக்கில் வந்திருக்கிறது.

சிதம்பரத்தான்

ஜோடி காட்ட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் மாப்பிள்ளை வந்தால் தீபாவளிக்கு வருவார், நாலு நாளில் போய்விடுவார். ஆனால் ஒன்று கவனியுங்கள், இந்த இரட்டைக்கதவு வந்தது மார்க்கமும் பெண்வழி வீடும் மோதியதால். பெண்வழி வீடு அரபு நாட்டிலிருந்து வரவில்லை, இந்தக் கடற்கரையின் வழக்கம். ஆக, பாதிப் பங்கு எங்களுக்கும் உண்டு.

ஒரு சந்தேகம். நிலைக்கதவில் எங்கள் ஆசாரிகள் கஜலட்சுமி செதுக்குவார்கள். உங்கள் வீட்டுக்கும் அதே ஆசாரிதானே, அவர் என்ன செய்வார்?

முல்லா வீதி

லட்சுமி இருக்கும் இடத்தில் தாமரை மட்டும் இருக்கும். எங்கள் வீட்டு நிலையில் நடுவில் பூ, இரண்டு பக்கமும் கொடி, கொடி முடியும் இடத்தில் யானையோ யாளியோ வரவேண்டிய வளைவு இலையாக முடிகிறது. உருவம் வேண்டாம் என்றதும் ஆசாரி தன் வாய்பாட்டிலிருந்து உயிருள்ளதை எல்லாம் கழித்துவிட்டு மிச்சத்தைச் செதுக்கியிருக்கிறார். மேலே 786 (இறைவன் பெயரைக் குறிக்கும் எண்) பிற்பாடு யாரோ பெயிண்டில் எழுதியது, கையெழுத்து மட்டம்.

ரசமட்டம்

திசைக்கு வருவோம், அதை யாரும் தொடவில்லை. நம் பக்கத்திலிருந்து மக்கா நேர் மேற்கு இல்லை. கணக்குப் போட்டால் மேற்கிலிருந்து வடக்கே சுமார் 20 டிகிரி தள்ளி வரும். பழைய பள்ளிவாசல்கள் பல நேர் மேற்காகவே இருக்கும், பெரியவர்கள் அதைப் பெரிதுபடுத்துவதில்லை. வீட்டில் இதனால் பாதிப்பு இரண்டு இடத்தில்: தொழுகிற இடம், கக்கூஸ்.

கக்கூஸில் கிப்லாவை (தொழும் திசையை) முன்னோக்கியோ பின்னோக்கியோ உட்காரக் கூடாது என்பார்கள். ஆக பீங்கான் வடக்கு தெற்காகத்தான் வரும். வேடிக்கை என்னவென்றால் வாஸ்து பார்ப்பவர்களும் வடக்கு தெற்குதான் கேட்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு எந்த வீட்டுக்காரரோடும் தகராறு வந்ததில்லை. வளைகுடா ஆர்க்கிடெக்ட் போட்ட பிளானை அப்படியே இங்கே கொண்டுவருகிறார்கள் பாருங்கள், அதில்தான் திசை மாறிப்போய்க் கட்டியதை உடைப்பார்கள்.

அலிஃப் லாம்

இதில் மத்ஹப் (சட்டப் பள்ளி) வித்தியாசம் உண்டு. கடற்கரை மரைக்காயர்கள் பெரும்பாலும் ஷாஃபி, உள்நாட்டு ராவுத்தர்கள் ஹனஃபி. ஹனஃபி மத்ஹபில் கட்டடத்துக்கு உள்ளேயும் கூடாது. ஷாஃபியில் நான்கு சுவருக்குள் என்றால் தடை இல்லை. இப்னு உமர் (ரலி) ஒரு முறை வீட்டுக்கூரை மேலிருந்து தற்செயலாகக் கண்டதை வைத்து அந்தச் சலுகை வருகிறது. ஆனாலும் புதிதாகக் கட்டும்போது திருப்பி வைப்பதே அதபு (மரியாதை). ஒருமுறை வைத்தால் ஆயுசுக்கும் அப்படியேதானே.

தொழுகை இடத்தைவிட ஒளூ (தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுவது) செய்யும் இடம் முக்கியம். பழைய வீட்டில் முற்றத்து மூலையில் அண்டா, பக்கத்தில் உட்கார ஒரு கல், அங்கேயே கால் கழுவித் தாழ்வாரம் ஏறினால் பாய் விரித்திருக்கும். கக்கூஸ் கொல்லைக் கடைசியில். இப்போது அட்டாச்டு பாத்ரூமில் இரண்டும் ஒன்றாகிவிட்டது, பிஸ்மி (இறைவன் பெயர்) சொல்லக்கூடத் தயங்குகிறார்கள். வெளியே தாழ்வாரத்தில் முழங்கால் உயரத்தில் ஒரு குழாய் வைத்தால் போதும், முதியவர்கள் வாஷ்பேசினில் காலைத் தூக்கி வைத்து வழுக்கி விழ வேண்டியதில்லை.

கொல்லைவாசல்

முற்றம் ஒளூவுக்கு மட்டும் இல்லை. மய்யித்தை (இறந்தவர் உடலை) குளிப்பாட்டுவது எங்கே? எங்கள் மாமியார் மவுத்தானபோது முற்றத்தில்தான் குளிப்பாட்டினோம். நாலு தூணிலும் கயிறு கட்டி, புடவைகளைத் தொங்கவிட்டு மறைத்தோம். மேலேயும் ஒரு வேட்டி. தண்ணீர் தானாக முற்றத்துச் சாக்கடைக்கு ஓடிவிட்டது. குளிப்பாட்டிய பெண்கள் நாலு பேர் சுற்றி நிற்க இடம் இருந்தது. போன வருஷம் சொந்தக்காரர் ஒருவரின் ஃப்ளாட்டில் அதே காரியத்தைக் கார் பார்க்கிங்கில் ஷாமியானா கட்டிச் செய்தார்கள். மேல்மாடிக்காரர்களிடம் பால்கனிக்கு வராதீர்கள் என்று ஆள் அனுப்பிச் சொல்ல வேண்டியிருந்தது.

இத்தாவும் (வீட்டோடு காத்திருக்கும் காலமும்) அப்படித்தான். கணவனை இழந்தவளுக்கு நாலு மாதம் பத்து நாள். அந்தச் சின்ன ஃப்ளாட்டில் அவள் எங்கே வானம் பார்ப்பாள்? பழைய அடுப்பங்கரையைத் திட்டியது நான்தான், ஆனால் முற்றத்தை எடுக்கிற பிளானுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

ரசமட்டம்

வெள்ளாற்றங்கரை, உங்கள் புதுப் பிளானில் நான் பயப்படுவது அந்த மூன்றடி சந்துக்குத்தான். இப்போது இரண்டு பக்கமும் பொதுச்சுவர், அதில் ஜன்னலே இல்லை, வெளிச்சம் எல்லாம் முற்றம் வழியாக வருகிறது. நாளைக்கு முற்றத்தை மூடிவிட்டுப் பக்கவாட்டில் ஜன்னல் வைத்தால், பக்கத்து வீட்டுக்காரரும் இடித்துக் கட்டி அவர் ஜன்னலையும் அங்கே வைப்பார். உங்கள் பெட்ரூமும் அவர் பெட்ரூமும் மூன்றடி தூரத்தில் முகத்துக்கு முகம். அப்புறம் இரண்டு பேரும் ஆயுசுக்கும் ஜன்னலைத் திறக்காமல் ஏசி போட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். புது நகர்களில் நான் பார்ப்பதில் பாதி வீடு இப்படித்தான் இருக்கிறது.

அலிஃப் லாம்

இதே வழக்கு கலீஃபா உமர் (ரலி) காலத்திலேயே வந்ததாக எகிப்து வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். ஃபுஸ்தாத் நகரில் காரிஜா இப்னு ஹுதாஃபா மாடியில் ஓர் அறை கட்டினார். பக்கத்து வீடுகளை எட்டிப் பார்க்கக் கட்டினார் என்று புகார் போயிற்று. உமர் அவர்கள் ஆளுநர் அம்ருக்கு அனுப்பிய உத்தரவு: அந்த அறையில் ஒரு கட்டிலைப் போடு, ரொம்ப உயரமும் இல்லாத குட்டையும் இல்லாத ஒருவனை அதன் மேல் நிறுத்து, ஜன்னல் வழியாகத் தெரிந்தால் இடித்துவிடு.

பொதுச்சுவர் பற்றியும் ஹதீஸ் உண்டு. உன் சுவரில் அண்டை வீட்டுக்காரர் உத்திரக்கட்டை ஊன்ற வந்தால் தடுக்காதே என்று. உங்கள் தெருவில் ஒட்டிய வீடுகள் நிற்பதெல்லாம் இந்த ஒரு சொல்லின் மேல்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ரசமட்டம்

அந்தக் கட்டில் டெஸ்ட் அருமை. ஜன்னலின் அடிமட்டம் ஆறேழு அடிக்கு மேலே போய்விடும், வென்டிலேட்டர் மாதிரி. சூடான காற்று வெளியேற அதுவே போதும். பழைய அறைகளில் ஜன்னல் ஏன் அவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று வேலையாட்கள் கேட்பார்கள், இனிமேல் சொல்லலாம்.

உத்திரக்கட்டை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ஒட்டிய வீட்டில் ஒன்றை இடித்தால் மற்ற வீட்டின் கட்டை ஊன்றியிருக்கும் சுவர் ஆடும். சுண்ணாம்புக் காரைச் சுவரைப் பிரேக்கர் வைத்து உடைக்காதீர்கள், அதிர்வில் அடுத்த வீட்டு டெரஸ் விரிசல் விடும். இந்தச் சண்டையில் நான் பஞ்சாயத்துக்கே போயிருக்கிறேன்.

வெள்ளாற்றங்கரை

எல்லோருக்கும் நன்றி. இந்த இழையைக் குழுவில் போட்டேன். ஜும்ஆவுக்குப் பிறகு உட்கார்ந்து பேசினோம். முற்றம் இருக்கும், மேலே கொசுவலைக் கம்பி மட்டும். இரட்டைக்கதவு அறைகள் அப்படியே. அடுப்பங்கரையின் கொல்லைப்பக்கச் சுவரை எடுத்துவிட்டுக் கம்பி ஜன்னல், உம்மா அதைக் கேட்டு வாங்கினார்கள். ஒளூவுக்குத் தாழ்வாரத்தில் குழாய். கக்கூஸ் ஒன்று மட்டும் வீட்டுக்குள் வருகிறது, வயசானவர்களுக்காக.

பாக்கி நிற்பது கார். திண்ணையில் ஒன்றை இடித்துக் கார் விடலாம் என்று தம்பி பிடிவாதமாக இருக்கிறான்.

கூரைவீடு

திண்ணையை இடித்தால் நாங்கள் வந்தால் எங்கே உட்காருவது, காரிலா?

ரசமட்டம்

திண்ணையைத் தொட வேண்டாம். தாழ்வாரத் தூணின் பாரம் அந்தக் கட்டின் மேல்தான் இறங்குகிறது. கொல்லைக்குப் பின்னால் தெரு இருக்கிறதா? வாசல் ஒன்பதடி அகலம் கிடைத்தால் காரை அங்கே விடலாம். கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி வருகிறது என்றும் அளந்து போடுங்கள்.

கொல்லைவாசல்

கொல்லையில் விடுவதென்றால் பக்கத்து வீட்டுக்குப் போகிற அந்தச் சின்னக் கதவை அடைத்துக்கொண்டு நிறுத்த வேண்டாம் என்று உங்கள் தம்பியிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.